அரைப்புள்ளி இல்லாத மொழி

அந்த விசைப்பலகையில் அரைப்புள்ளிதான் (;) நாட்டாமை. அது உட்காராமல் நிரலின் எந்த வரியும் முடிந்ததில்லை. அன்று எஜமானர் புதிதாக வந்த ஒரு கணினி மொழியில் எழுதத் தொடங்கினார். வரிகள் ஏறிக்கொண்டே போயின. அரைப்புள்ளியை யாரும் தொடவேயில்லை.

"டேய், வரி எப்படிடா முடியுது?" என்று கீழே நீட்டிப் படுத்திருந்த ஸ்பேஸ் பாரைக் கேட்டது.

"ரெண்டு இடம் காலியா விட்டா முடிஞ்சிடுமாம்ணே."

"ஒண்ணுமே இல்லாததுக்கா இந்த மரியாதை?" அரைப்புள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்போது பழக்கதோஷத்தில் எஜமானரின் சுண்டுவிரல் அதன்மேல் விழுந்தது.

"பாத்தியா! நான் இல்லாம ஆகுமா?"

திரையில் எழுத்துகள் வந்தன: "இது என்ன குறி? எனக்குத் தெரியாதே."



"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, எஜமானர் கூப்பிட்டுட்டாரு," என்றபடி அழிக்க வந்தது பேக்ஸ்பேஸ்.