அம்மன் கோயிலுக்குப் போன குண்டான்

“ஹலோ, நில்லுங்க! அது என் குண்டான். எங்க தூக்கினு போறீங்க?”

ஐஸ் கட்டி வைத்த சாக்குப்பையைத் தோளில் சுமந்தபடி தெருமுனையிலிருந்தே கத்தினான் சந்தோஷ்குமார். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடித்து, அவனுடைய பெரிய எவர்சில்வர் குண்டானை வீட்டுப் படியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். சூடு ஆறாமல் இருக்க அவன் சுற்றிவைத்த கம்பளியோடு அப்படியே தூக்கியிருந்தார்கள். பின்னாலேயே அம்மா வடிவாம்பாள் வேப்பிலைக் கொத்தோடு வந்தாள்.

“ஏன்டா கத்தற? ஆடி ஞாயித்துக்கெழம. கோயில்ல கூழ் ஊத்தறாங்க. நம்ம வூட்டுக் கூழ் போக வேணாமா?”

“அது கூழ் இல்லம்மா! அது...”

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அது பீர். சரியாகச் சொன்னால், பீராகப் போகிற கஞ்சி. உமியோடு உடைத்த பார்லி மால்ட்டையும், அதேபோல் முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு மாவையும் வெந்நீரில் கரைத்து, அறுபத்தேழு டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்திருந்தான். இனிமேல்தான் அதை வடிகட்டி, டின்னில் வாங்கிய மால்ட் சிரப்பையும் கசப்புக்கு ஹாப்ஸ் பூவையும் சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். பிறகு ஐஸில் வைத்துச் சட்டென்று ஆற்றி, புளித்துப் போதை ஏற ஈஸ்ட் போட வேண்டும். ஊறுகிற நேரத்தில் ஐஸ் வாங்கி வந்துவிடலாம் என்று போனதுதான் தப்பு. அம்மாவிடம் ‘சத்து பானம்’ என்று சொல்லிவைத்திருந்தான்.

பெங்களூரில் சொந்தமாக பீர் தயாரித்து விற்கும் ஓர் ஓட்டலில், “நீங்களே செஞ்சதைக் கொண்டாங்க, நல்லா இருந்தா வேலை” என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் போக வேண்டும். இன்றைக்குப் போட்டால்தான் அதற்குள் தயாராகும். மறுபடியும் மால்ட் வரவழைக்க நாள் இல்லை. இது போனால், பட்டுக் கடையில் வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

“கீழ வைங்க சார்! கோயில் பேரைச் சொன்னா எவன் வூட்டுல வேணா பூந்து எத வேணா தூக்குவீங்களா? யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

மீசை வைத்தவர் நின்றார். “இது உன்னுதா தம்பி?”

“என்னுதுதான். காய்ச்சினதே நான்தான்!”

“ஓ... நீயா காய்ச்சினே?”

“ஆமாங்க” என்று அம்மா குறுக்கே புகுந்தாள். “வேலை கெடைக்கணும்னு வேண்டுதல். அவன் கையாலயே காய்ச்சணும்னு நேர்ந்துக்கினோம். காலைலருந்து விரதம். பசி, அதான் கோவம் வருது.”

“நான் எப்பம்மா...”

“வாயை மூடிக்கினு வா.”

“தோள்ல இன்னா?” என்றார் இன்னொருவர்.

“ஐஸு. கோயிலுக்கு வர்றவங்களுக்கு மோர் கரைக்க” என்றாள் அம்மா.

சந்தோஷுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரளமாகப் பொய் சொல்கிறாள், அதுவும் அவன் மானத்தை வாங்கி! வழி நெடுக அவன் பொருமிக்கொண்டே நடந்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

கோயில் வாசலில் அண்டா காலியாக இருந்தது. கூழ் ஊற்றும் பொறுப்பில் இருந்த தினகரன் குண்டானின் மூடியைத் திறந்தார்.

“அட, வாசனையே ஆளைத் தூக்குது!”

“அண்ணே, ஊத்தாதீங்க. திருப்பிக் குடுத்துடுங்க. அது எனக்கு வேணும்.”

“அம்மனுக்குன்னு வந்ததைத் திருப்பிக் கேக்கறியா? படிச்ச புள்ளைதானே நீ?”

வரிசையில் சொம்போடு நின்றவர்கள் சிரித்தார்கள். “பசி தாங்கல போல. அவனுக்கு மொதல்ல ஒரு டம்ளர் ஊத்துப்பா!”

குண்டான் கவிழ்ந்தது. அத்தனையும் அண்டாவுக்குள் போயிற்று. அதில் மோரை வேறு ஊற்றிக் கலக்கினார்கள்.

“உமி உமியா இருக்குது. ஆனா வெல்லம் போட்ட மாரி இனிக்குதுபா. இன்னொரு கரண்டி ஊத்து” என்றாள் ஒரு பெண்.

தூக்கி வந்த இருவரும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். மீசைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷின் தோளில் தட்டினார். “உனக்கு நிச்சயம் வேலை கெடைக்கும் தம்பி.”

அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். அவர் கூட்டாளியோடு போய்விட்டார்.

காலிக் குண்டானோடு வீட்டுக்கு வந்ததும் வெடித்தான். “என் வேலைல மண்ணைப் போட்டுட்டியேம்மா! எவனோ ரெண்டு பேரு வந்து நின்னா தூக்கிக் குடுத்துடுவியா? அவனுங்க யாரு, எந்தத் தெருன்னாவது கேட்டியா? எனக்குன்னு ஆசையா ஒண்ணு செய்யக் கூடாதா இந்த வூட்டுல?”

வடிவாம்பாள் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த கோபம் அவள் முகத்தில் இப்போதுதான் ஏறியது.

“ஈஸ்ட் போடற வரைக்கும் அது வெறும் இனிப்புக் கஞ்சின்னு நீதானடா போன்ல தெருவுக்கே கேக்கற மாரி பேசினே? அந்தத் தைரியத்துலதான் அம்மனுக்குன்னு சொன்னேன்” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “வூட்ல பீர் காய்ச்சறாங்கன்னு எவனோ சொல்லி, மப்டில வந்த போலீஸுடா அந்த ரெண்டு பேரும், ‘கூழுதானே, வாங்க, கோயில்லயே ஊத்திப் பாத்துடலாம்’னு அவங்களாதான் தூக்கினாங்க!”