ஒரு ரவுண்டு போன கப்பல்

இளம்பரிதி விளையாடும் ஆன்லைன் விண்வெளி விளையாட்டில், ஒரு பைக் விலை பெறும் அவனுடைய போர்க்கப்பல் பறிபோனது. "ஒரு ரவுண்டு போயிட்டுத் தர்றேண்ணே, நம்புங்க" என்று வாங்கிய கூட்டாளி, அப்படியே எதிரி அணிக்குப் பறந்துவிட்டான். இளம்பரிதி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"பாவம், டீகூட ஆறிப்போச்சு," என்று உருகியது மவுஸ். "அண்ணேன்னு கூப்பிட்டுக் கழுத்தறுக்க அவனுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

கீபோர்டு 'களுக்'கென்று சிரித்தது.

"உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

"நீ போன மாசம் வந்தவன். அந்தக் கப்பல் நமக்கு எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியாது," என்றது கீபோர்டு. "'ஒரு ரவுண்டு போயிட்டுத் தர்றேண்ணே, நம்புங்க'ன்னு இவன் எத்தனை பேருக்கு அடிச்சிருக்கான் தெரியுமா? என் எழுத்தெல்லாம் தேஞ்சதே அதுலதான்."