வாய் பிளந்த சொரெந்தீனோ

புவெனோஸ் ஐரெஸில் ஞாயிறு முற்பகல். நெலிதாவின் அடுக்களை வெயிலில் மாவுத்தூள் மிதக்கிறது. ஹாமும் சீஸும் பொதிந்த வட்டப் பாஸ்தாவான சொரெந்தீனோவில் நான்காவதும் கொதிநீரில் வாய் பிளக்கிறது. சில்வானா கரண்டியை மேசைமேல் எறிகிறாள். நெலிதாவின் முன்னாள் கணவன் ஒராசியோவை இப்போது கட்டியிருப்பவள் அவள்தான். “ஓரத்தை அழுத்துடின்னா தடவிக் கொடுக்கிறியே!” என்கிறாள் நெலிதா. “உங்களுக்கு மட்டும் எப்படிக்கா ஒட்டுது? எது செஞ்சாலும் தட்டைத் தள்ளி வச்சுட்டு, நெலிதா செஞ்ச மாதிரி இல்லேங்கிறார்,” என்கிறாள் சில்வானா. மாவு பிசையும் நெலிதாவின் கை நிற்கிறது. “என்கிட்ட பதினாறு வருஷம், அவங்கம்மா செஞ்ச மாதிரி இல்லேன்னான்.” பானை தளதளக்கிறது. சில்வானா மறுபடி கரண்டியை எடுத்து, பிளந்ததை அள்ளி, ஊதாமல் வாயில் போட்டுக்கொள்கிறாள். நாக்கு சுடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.