கோனைத் தொடாத கார்

"காரு சாயுதுப்பா. அதான் கோன்ல படுது. நம்ம கையில ஒரு தப்பும் இல்ல" என்றார் பரணிதரன்.

மெக்கானிக் முருகவேல் காரைச் சுற்றி வந்து, நாலு மூலையிலும் கை வைத்து அமுக்கிப் பார்த்தான். பதினெட்டு வயதான ஆல்டோ. ஒவ்வொரு மூலையும் அமுங்கியது. எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று சற்று யோசித்துவிட்டு எழுந்தது.

காரை ஓட்டி வந்தது அவர் மனைவி சௌமியா. இடது பக்க சீட்டில் உட்கார்ந்தால்தான் குலுக்கலைத் தாங்குகிற சஸ்பென்ஷனின் குறை காதில் விழும் என்பது பரணிதரனின் கட்சி. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்த வசதியில், விலை மலிவான ஸ்பிரிங் வகைகளை எல்லாம் ஓர் அட்டவணையாக்கி, லேமினேஷனும் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

அதை பானெட்டின் மேல் விரித்து, ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று முருகவேலுக்கு விளக்கினார். மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு வைப்பார்கள். ஒன்றையும் தொடாமல், அவற்றுக்கு நடுவே வளைந்து நெளிந்து சீக்கிரமாக வெளியே வர வேண்டும். தினமும் தெருவில் ஓடுகிற சாதாரணக் காரே போதும். சஸ்பென்ஷன் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

"எத்தினி தடவை மோதினீங்க சார்?"

"மோதல் இல்லப்பா, தொட்டதுதான். மூணு தடவை. மொத தடவை முன்பக்கம். அடுத்த தடவை பின்பக்கம்."

"மூணாவது?"

"குறிப்பு எழுதறவரோட நாற்காலி."

அப்போது அவர் அதில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை சௌமியா சேர்த்துச் சொன்னாள்.

என்ன வேகத்தில் போனீர்கள் என்று முருகவேல் கேட்டான். அதையெல்லாம் வெளியே சொல்வதற்கில்லை என்றார் பரணிதரன். அவன் மரியாதையாகத் தலையை ஆட்டினான். சௌமியா ஏனோ ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த தடவை வருகிற புதன்கிழமை என்றார். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தானே வைப்பார்கள் என்று அவனுக்கு ஒரு சந்தேகம். அவர்கள் வைத்ததுதான் நாள் என்று பதில் வந்தது.

இந்தத் தடவையும் கோன் விழுந்தால், ஆட்டோகிராஸ் என்ற பேச்சையே இனி வீட்டில் எடுப்பதில்லை என்று போன கிருத்திகையன்று மலை மேல் வைத்து மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். முருகன் எதிரில் செய்த சத்தியத்தில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று ஒரு மாதமாகத் தேடினார். கிடைக்கவில்லை.

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிட்டது. "பத்து வருசமா இதே நெனப்பா இருந்துகினு கீறேன்பா. இதுவும் போச்சுன்னா, அப்புறம் ஜெராக்ஸ் மிஷின் மட்டுந்தான்."

முருகவேல் கையைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டான். இருக்கிற பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான். கடினமான ஸ்பிரிங் போட்டால் கார் சாயாது. கோனுக்கு அதுதான் நல்லது. ஆனால் தெருவில் எறும்பின் மேல் ஏறினாலும் முதுகுக்குத் தெரியும். இல்லையென்றால் ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு, செத்துப்போன ஷாக் அப்சார்பர் நாலையும் தேய்ந்த ரப்பர் புஷ்களையும் மாற்றலாம். குலுக்கல் போகும். சாய்வு குறையும், ஆனால் கொஞ்சம்தான்.

பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிட்டால் செலவே இல்லையே என்றார் பரணிதரன்.

"வெட்டலாம் சார். அப்புறம் வாராவாரம் நம்ம கடைக்கு வந்துகினே இருப்பீங்க. டெய்லி யாரு ஓட்டறது?"

"அவங்கதான். ஆர்.கே.பேட்டை ஸ்கூலுக்கு."

சௌமியா இடுப்பில் கையை ஊன்றி, முதுகை மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தாள். ஐந்து வருடமாக அந்த ரோட்டில் போய் வருகிற முதுகு.

"எனக்காகப் பாக்காதீங்க. நான் பஸ்ல போய்க்கறேன். உங்களுக்கு எது வேணுமோ அதையே போட்டுக்கோங்க" என்றாள்.

பரணிதரன் அட்டவணையைப் பார்த்தார். கடின ஸ்பிரிங்குக்கு நேராக, சிவப்பு மையில் அவரே போட்ட மூன்று நட்சத்திரங்கள். அதை மடித்து சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார். லேமினேஷன் மடியவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஷாக்கும் புஷ்ஷும் மாத்திடுப்பா. கோனை நான் பாத்துக்கறேன்."

புதன்கிழமை காலை, மைதானத்து ஓரத்தில் நின்ற சௌமியா மலை இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோன் விழுந்தால் தனக்கு நிம்மதிதான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

பரணிதரன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

முதல் கோன். கார் சாயவில்லை. இரண்டாவது. மூன்றாவதில் கொஞ்சம் வளைந்து, நாலாவதில் நெளிந்து, கடைசிக் கோனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்கூட இடமில்லாமல் கடந்து வந்தது. எதுவும் விழவில்லை. குறிப்பு எழுதுகிறவர் இந்த முறை நாற்காலி போடாமல், தள்ளி நின்றே எழுதினார்.

எழுதி முடித்து ஜன்னலருகே வந்தார். பரணிதரன் தலையை வெளியே நீட்டினார்.

"நேரம் எவ்ளோ சார் ஆச்சு?"

"டிரைவிங் லைசென்ஸ் டெஸ்டுக்கு யாருங்க நேரம் பாக்கறாங்க? பாஸாயிட்டீங்க, அந்த எல் ஸ்டிக்கரைப் பிச்சுட்டு அடுத்தவருக்கு வழி விடுங்க" என்றார் அதிகாரி.