மோட்டார் வாசனை

"மோந்து பாருங்க சம்பந்தி. அவசரமா முழுங்கக் கூடாதாம். பையன் சொல்லி அனுப்பிச்சான்."

கோவர்த்தனன் ரெண்டு கிளாசிலும் கொஞ்சமாக ஊற்றினார். சித்தூரிலிருந்து நகரிக்கு நிச்சயதார்த்தத் தேதி பேச வந்த மனுசன், பழத்தட்டோடு ஒரு ஸ்காட்ச் விஸ்கி பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்! சிங்கிள் மால்ட் என்கிற உசத்திச் சரக்கு. மாப்பிள்ளை லண்டனிலிருந்து வாங்கி வந்ததாம்.

சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் ரத்னம்மா. நல்ல சம்பந்தி வாய்த்தார் போ! அவள் புருசன் சிவசங்கரன் குடித்த காலத்தில் இந்த வீடு பட்ட பாடு ஊருக்கே தெரியும். திருத்தணி படியேறி, 'இனிமேல் தொட மாட்டேன்' என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்த பிறகுதான் அவள் கண்மூடித் தூங்குகிறாள்.

இப்போது வேணாமென்றால் சம்பந்தி மூஞ்சி சுருங்கும். பெண் கல்யாணம் என்னாகும்? குடித்தாலோ, குடும்பமே போச்சு. முருகா, நீதான் பார்த்துக்கணும்!

சிவசங்கரன் கிளாசை எடுத்தார். மூக்குக்கிட்டே கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

முடிஞ்சிது கதை, என்று நினைத்தாள் ரத்னம்மா.

"ஐயையோ! தறி மோட்டாரு எரியுது!"

கிளாசை டக்கென்று வைத்துவிட்டு, எதிர்ச் சாரியிலிருந்த தறி ஷெட்டுக்கு ஓடினார் சிவசங்கரன். ரத்னம்மாவும் பின்னாலேயே ஓடினாள்.

ஷெட்டில் தறியெல்லாம் தடதடவென்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சிவசங்கரன் நூல் மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த மோட்டாருய்யா?"

"ஒண்ணும் எரியலேடி. அந்தச் சரக்குதான் மோட்டார் காயில் தீஞ்ச மாதிரி நாறுச்சு. அதுக்கே எனுக்கு நாக்கு ஊறுது! இன்னும் ஒரு நிமிசம் குந்திகினு இருந்தா குடிச்சிருப்பேன். வேற வழி தெரியலே, ஓடியாந்துட்டேன்."

ரத்னம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "நீ இங்கியே இருய்யா. நான் போய் எதுனா சொல்லிக்கிறேன்."

கூடத்துக்கு வந்தால் சம்பந்தியைக் காணோம். பாட்டிலும் இல்லை. ரெண்டு கிளாசும் காலி.

அடப்பாவி! யாரும் இல்லாத நேரம் பார்த்து மொத்தத்தையும் ஊத்திக்கொண்டாரா? இவர் வீட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது?

கொல்லையில் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தாள். குழாயடியில் குனிந்து, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் கோவர்த்தனன். சாக்கடையெல்லாம் புகை வாசனை.

"இன்னாண்ணா இது?"

அவர் திருட்டு முழி முழித்தார்.

"புகையில காய வச்ச பார்லியில பண்றதாம்மா. லேசா புகை வாசனை வரும்னு பையன் முன்னாலயே சொன்னான். அதான், அவரு மோட்டாருன்னு ஓடினதுமே, குடிக்காம தப்பிக்கத்தான் ஓடுறாருன்னு எனுக்குப் புரிஞ்சிபோச்சு."

"கோவமாண்ணா?"

"கோவமா? பொண்ணோட நைனா நல்லா குடிப்பாரு, பாட்டில் இல்லாம போனா மரியாதை இல்லேன்னு தரகர் சொல்லிட்டாரு. மடியில நெருப்பைக் கட்டிகினு வந்தேம்மா. நானும் குடியை விட்டவன்தான். வயித்துவலின்னு எழுந்துக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அவரு முந்திக்கினாரு!"