விசாரிப்பு

அலுவலகக் கணினி தன் கறுப்புத் திரையில் ஒற்றை வரி எழுதி அங்கிருக்கும் மற்ற கருவிகளையெல்லாம் விசாரிக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது அங்கே வழக்கம்.

ஒரு நாள், இணைய இணைப்பைத் தரும் ரூட்டரின் விசிறி நின்றுபோனது. ரூட்டருக்கு உடம்பு கொதித்தது.

"லைன் இருக்கா?" என்றது கணினி.

"இருக்கு அண்ணே."

"விசிறி நின்னுடுச்சுன்னு சொல்லேன்," என்றது பக்கத்திலிருந்த பிரிண்டர்.

"அதை அவர் கேட்கலையே," என்றது ரூட்டர் அலுப்போடு. "என்னைக்குமே கேட்டதில்லை."

அடுத்த விசாரிப்புக்கு ரூட்டரிடமிருந்து பதில் வரவில்லை. கணினி திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தது.

"நல்லாத்தானே இருந்தான்! இப்பக்கூட விசாரிச்சேனே!" என்று பிரிண்டரிடம் புலம்பியது.

பிரிண்டர் வாயெடுப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

"உன்கிட்ட பேப்பர் இருக்கா?"

"இருக்கு அண்ணே," என்றது பிரிண்டர்.