வேறு டாக்டர்

லிஜின் பல் தேய்த்துவிட்டு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புகிறான். தொட்டியின் வெள்ளையில் ரத்தம் நூலாக வழிகிறது. கண்ணாடியில் இடது கன்னம் வீங்கி, ஜன்னல் வெயில் பட்டு மினுங்குகிறது. குளியலறை வாசலில் அக்கா பிரிஜா நிற்கிறாள். “ஒனக்க பல் டாக்டரு கனடால இருந்து வர இன்னும் பத்து நாளாவும். முட்டத்துல வேற டாக்டரு இருக்காரு, போ மக்கா.” “அவருக்குத்தான் என் பல்லு தெரியும்.” “ஏலே, அவரு என்ன ஒனக்க பல்லுக்கு ஞானஸ்நானம் குடுத்தவரா?” மார்ச்சில் அவன் மனைவி ஜெஸ்பினுக்குக் காய்ச்சல் கண்டபோதும் வேறு டாக்டரிடம் போகச் சொன்னவள் அக்காதான். குழாய் சொட்டுகிறது. லிஜின் துண்டைக் கன்னத்தில் அழுத்தியபடி வண்டிச் சாவியை எடுக்கிறான். அந்தக் காய்ச்சலில் ஜெஸ்பின் ஞாயிறு விடியுமுன் இறந்தாள். கடைசியாக அவனிடம் சொன்னது: “வேற எங்கயும் போவாண்டாம். நம்ம டாக்டரு திங்கக்கிழம வந்திருவாருல்லா.”